பெரிய வளவுக் கரடி

கருத்தப்பாறைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தை இரண்டாவதாகத்தான் கேட்பார்கள். முதலில் கேட்பது கரடிச் சான்று.

பொதிகை அடிவாரத்துக் கரடிகள் ஊருக்குள் இறங்கிப் பலாப்பழத்தையும் கோயில் விளக்கின் எண்ணெயையும் ருசி பார்க்கும்போது, வீடுகளின் நச்சு உலோகமும் அவற்றின் உடம்பில் சேரும். அது உரோமத்தில் நாள்வாரியாகப் பதியும். உதிர்ந்த முடி ஒன்றை உரோமமானியில் வைத்தால் போதும். என்றைக்கு, எந்த வீட்டில், எந்தப் பாத்திரத்திலிருந்து எவ்வளவு காரீயம் ஏறியது என்று கருவி சொல்லிவிடும். ஒவ்வோர் உலோகத்துக்கும் விரல்ரேகை போல ஒரு தாதுரேகை உண்டு. ஊரிலுள்ள பாத்திரம், குழாய், சுவர்ச் சாயம் எல்லாவற்றின் ரேகையும் பதிவில் இருந்தது. கரடிகளைக் காப்பாற்ற வந்த கருவி, மாதாமாதம் குடும்பங்களின் மானத்தை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியது.

ஆவுடையப்பனின் குடும்பம் தலைமுறைகளாக வாழும் பெரிய வளவின் பெயர் அந்தச் சுவரில் ஒருமுறைகூட ஏறியதில்லை. பேத்தி உலகம்மைக்கு அம்பாசமுத்திரத்து வரன் வந்தபோது ஆவுடையப்பன் நிமிர்ந்த தலையோடு சான்று வாங்கப் போனார். வனத்துறையின் தாது அலுவலர் எஸ்தர் தர முடியாது என்றாள். கரடியே சாப்பிடாத வீட்டுக்குச் சான்று கிடையாது. ஒரு மண்டலம், நாற்பத்தொரு நாள், கரடி சாப்பிட்டு, அதன் உரோமம் சுத்தமாக இருந்தால்தான் முத்திரை.

மற்றவர்கள் தோட்டத்து மூலையில் பலாச்சுளைகளைக் கொட்டிவிட்டு வருவார்கள். ஆவுடையப்பனுக்கு அது ஒப்பவில்லை. வளவுக்குச் சாப்பிட வந்த எவனையும் தரையில் போட்டதைத் தின்னவைத்த சரித்திரம் கிடையாது என்றார். எட்டுத் தலைமுறையாகப் புளிக்குழம்பு கொதித்த வெண்கல உருளியைத் தேய்த்துக் கழுவி, புளியும் வெல்லமும் கரைத்த பானகத்தில் சுளைகளைப் போட்டு, தோட்டத்தில் கிழக்கு பார்த்து வைக்கச் சொன்னார்.

வனத்துறைக் கணக்கில் பதினேழாம் எண் கொண்ட கரடி நாற்பத்தொரு மாலையும் தவறாமல் வந்தது. மூன்றாம் வாரத்தில் அதன் போக்கு மாறியது. பேக்கரியின் பின்வாசலில் பழைய பன்னுக்குக் காத்து நிற்கும் பிராணி அது. இப்போது யார் எதை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பேருந்து ஹாரன் அடித்தால் நடுச்சாலையில் உட்கார்ந்து ஓட்டுநரை முறைத்தது. ஊரார் அதைப் பெரிய வளவுக் கரடி என்றார்கள். ஆவுடையப்பன் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்.

நாற்பத்திரண்டாம் நாள் எஸ்தர் உரோமமானியோடு வளவுக்கு வந்தாள். மாப்பிள்ளையின் அப்பா சங்கரலிங்கமும் முடிவு கேட்க வந்து உட்கார்ந்திருந்தார். காரீயம், அனுமதித்த அளவைப் போல ஆறு மடங்கு. ரேகை உருளியுடையது. அதன் பழைய ஈயப் பூச்சில் கலந்திருந்த காரீயத்தைப் புளி கரைத்து இறக்கியிருந்தது.

ஆவுடையப்பன் எழுந்து நின்றார். கருவி பொய் சொல்கிறது என்றார். கரடி வேறு வீட்டில் தின்றிருக்கும் என்றார். கடைசியில் வனத்துறையின் பூர்வீகம்வரை போனார். எஸ்தர் அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஐயா, காரீயம் ஏறினா மொதல்ல தெரியறது கோவம்தான். கரடிக்கு நாப்பத்தொரு நாள்ல வந்திருக்கு. நீங்க எத்தன வருசமா அதுல சாப்பிடுதீங்க?"

வளவின் பழைய கதைகள் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தன. பந்தியில் இரண்டாவது இலையில் உட்காரவைத்ததற்காக ஆவுடையப்பனின் அப்பா தன் தம்பியோடு முப்பத்தோரு வருடம் பேசாமல் இருந்தார். அத்தை ஒருத்தி தாலி கட்டும் நேரத்தில் மணமேடையிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தாள். ஊர் மெச்சிய ரோஷம். எஸ்தர் வளவில் ஒவ்வொருவரிடமும் ஒரு முடி வாங்கிக் கருவியில் வைத்தாள். எல்லோர் முடியிலும் அடிமுதல் நுனிவரை உருளியின் ரேகைதான். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் காரீயம் இறங்கும், கோபமும் இறங்கும் என்று சொல்லி, உருளிக்குச் சீல் வைத்தாள்.

சம்பந்தம் முறிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். சங்கரலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"அண்ணாச்சி, சான்று கெடக்கட்டும். எங்க வீட்ல எதுத்துப் பேச ஒரு ஆளு கெடையாது. பங்காளிங்க எங்க வயல வரப்போட சேத்து உழுதுட்டாங்க. நாங்க பாத்துட்டு நிக்கோம். பொண்ணுக்கு மட்டும் இந்த மருந்த ஒரு வருசம் தள்ளி வைக்க முடியுமா?"

ஆவுடையப்பனுக்குச் சுரீரென்றது. இவன் பேத்தியைக் கேட்கிறானா, காரீயத்தைக் கேட்கிறானா? வெளியே போ என்று சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எழுபத்திரண்டு வயதில் முதல்முறையாக, வந்த கோபம் தன்னுடையதுதானா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. நியாயமான கோபம்தான். ஆனால் அப்பாவும் முப்பத்தோரு வருடம் அதையேதான் சொன்னார். உரோமமானியிடம் இதற்குப் பதில் இருக்காது. வேறு வழி தெரியாமல் பேத்தியைப் பார்த்தார்.

உலகம்மை எஸ்தரிடம் கையை நீட்டினாள்.

"மாத்திரைய இப்பவே குடுங்க. மூணு மாசம் கழிச்சும் இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு தோணிச்சுன்னா, அது காரீயம் சொன்னதில்ல, நான் சொன்னதா இருக்கும்லா."