வறுசட்டி மணல்

மணல் ஈரமாக இருந்தது.

ஐந்து வருடமாக வாரம் தவறாமல் அடுப்பில் காய்ந்த மணல் அது. வேர்க்கடலை வறுப்பதற்கென்றே பேபி ஒரு பானையில் போட்டு வைத்திருந்தாள். இன்று அதை வறுசட்டியில் கொட்டி, அரைமணி நேரமாக விறகைத் திணித்துத் திணித்து எரித்தும், சூடேறிப் பொலபொலவென்று உதிர வேண்டிய மணல் கூழ்போலச் சட்டியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. குழாயில் பத்து நாளைக்கு ஒருதரம் தண்ணீர் வருகிற சித்திரை மாதம். வீட்டுக்குப் பின்னால் கரிசல் காடு கை நுழையும் அகலத்துக்கு வெடித்துக் கிடக்கிறது. கோவில்பட்டியில், இந்த வெயிலில், எந்தப் பாவி இதில் தண்ணீர் ஊற்றினான்?

"பானைய மூடி வைக்கத் தெரியாதா ஒனக்கு?" என்று கத்தினான் அவள் புருஷன் இராமச்சந்திரன். மில்லில் பகல் ஷிப்ட் முடிந்து வந்தவன், தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூட இன்னும் தட்டவில்லை.

"மூடித்தான் வச்சிருக்கேன். மூணு வாரமா இப்படித்தான் இருக்கு. முந்தாநாளு வெயில்ல காயப்போட்டுத்தான் அள்ளுனேன். மறுபடியும் நனைஞ்சு கெடக்கு."

சட்டியிலிருந்து ஆவி எழுந்தது. கடல் மணல், உப்பு வாடை அடிக்கும் என்று நினைத்தான். அடித்தது பீடி வாடை. பீடியும் தேங்காய் எண்ணெயும் பழைய பஞ்சும் கலந்த வாடை, ஒரு காலத்தில் மில்லில் பக்கத்தில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்த மனுசனின் வாடை. அவன் சட்டென்று எழுந்து வாசல் பக்கம் போய் நின்றான்.  பயந்துதான் எழுந்தோம் என்று ஒப்புக்கொள்ள அவன் தயாராக இல்லை.

"அதான் புதுமணல் அள்ளிட்டு வந்திருவோம்னு இருக்கோம்," என்றாள் பேபி உள்ளேயிருந்து. "நாளைக் கழிச்சு ஞாயித்துக்கெழம. வேன் சொல்லியாச்சு. நீங்க அன்னைக்கு அள்ளிட்டு வந்தீங்கள்லா, வேம்பாருக்குத் தெக்க, அதே கடக்கரைதான். ஆளு நடமாட்டமே இல்லாத எடம்னு நீங்கதான சொன்னீங்க? நம்ம பிரித்திகாவும் லீவுல வீட்டுக்குள்ளயே கெடக்கா, மணல்ல குழி தோண்டி வெளையாடட்டும். வெள்ளைத்தாயக்காவும் வாரா. புளியோதரை அவ பொறுப்பு."

வாசல் திண்ணையிலிருந்து அவன் எடுத்து வீசிய காபி டம்ளர் சுவரில் போய் விழுந்தது.

"ஒருத்தரும் எங்கயும் போகக் கூடாது!"

"ஏன்?" என்று கேட்டாள் பேபி. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

 அந்தக் கேள்வியில் அவனுக்குக் கோபம் இன்னும் ஏறியது. வேன்காரனைத் திட்டினான், பள்ளிக்கூட லீவைத் திட்டினான், வெள்ளைத்தாயைத் திட்டினான். வெள்ளைத்தாய் மூன்றாவது வீட்டுக்காரி, சங்கிலிப்பாண்டியின் மனைவி. ஐந்து வருடமாகத் தாலியைக் கழற்றாமல், பஸ் வரும் நேரமெல்லாம் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பவள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்தக் கடற்கரைக்கு அவனும் சங்கிலிப்பாண்டியும்தான் டி.வி.எஸ். 50-இல் போனார்கள். மேல்மணலில் சிப்பியும் முள்ளும் கிடந்ததால், நல்ல மணல் உள்ளேதான் இருக்கும் என்று சங்கிலிப்பாண்டி மணல்மேட்டின் அடிவாரத்தைக் குடைந்துகொண்டே போனான். குடைந்துகொண்டே சிரித்தான். மில்லில் மேஸ்திரி வேலை அவனுக்குக் கிடைத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஒன்பது வருடமாக அந்த வேலைக்குக் காத்திருந்தவன் இராமச்சந்திரன்.

"ஏலே, இனிமே என்னயப் பாத்தா சலாம் போடணும்லே," என்றான் குழிக்குள்ளிருந்து.

மேடு சரிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை, மூட்டையிலிருந்து அரிசி சரிகிற சத்தம்தான். வெளியே ஒரு கை மட்டும் தெரிந்தது, செம்புக் காப்பு போட்ட கை. விரல்கள் விரிந்தன, மூடின, விரிந்தன. இராமச்சந்திரன் கையாலேயே தோண்டியிருக்கலாம். தோண்டவில்லை. 'இப்ப சிரிலே பாப்போம்' என்று நின்றான். அவன் கோபம் அடங்குவதற்குள் அந்தக் கை அடங்கிவிட்டது.

காலால் மணலைத் தள்ளிக் கையை மூடினான். வெறுங்கையோடு போனால் கேள்வி வரும் என்று, முன்பே நிரப்பி வைத்திருந்த மூட்டையை வண்டியில் ஏற்றினான். சங்கிலிப்பாண்டி வேம்பாரில் இறங்கி மெட்ராஸ் பஸ் ஏறிவிட்டான், சூரத் மில்லில் இதைவிடப் பெரிய வேலை இருக்கிறதாம் என்று வெள்ளைத்தாயிடம் சொன்னான். அவள் நம்பினாள்.

புதூரில் சங்கிலிப்பாண்டி வகையறாவின் குலசாமி கோயிலே பிடிமண் எடுத்து வந்து கட்டியதுதான். ஆதிக்கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்தால் போதும், அங்கே இருப்பது கூடவே வந்துவிடும். இராமச்சந்திரன் ஒரு மூட்டை எடுத்து வந்திருக்கிறான். இது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்ததும் பானையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் காட்டுக்குப் போனான். பெரிய வெடிப்பாகப் பார்த்துக் கவிழ்த்தான். மணல் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு பானை மணல் இவ்வளவு நேரமா விழும்? வெடிப்பு நிரம்பவில்லை, பானையும் காலியாகவில்லை, அரிசி சரிகிற அதே சத்தம் மட்டும் கீழே ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. கடைசிப் பிடி விழுந்தபோது வெடிப்புக்குள் யாரோ இருமினார்கள். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டவன் இருமுவதுபோல இரண்டே தடவை.

பானையை அங்கேயே போட்டு உடைத்துவிட்டு வந்தான்.

"மணலக் கொட்டிட்டீங்களா?" என்று சிரித்தாள் பேபி. "அப்ப நாளைக்குப் போயே ஆகணும்."

அவனுக்கு அவளை அறையலாம்போல இருந்தது. தன்னையே அறைந்துகொள்ளலாம்போலவும் இருந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வேன்காரனைப் பார்க்கத் தெருமுனைக்குப் போனாள்.

பொழுது அடைந்தது. கரண்டு போனது. ஃபேன் சுற்றி நிற்கிற முனகலும், தெருவில் பிள்ளைகள் போட்ட கூச்சலும் ஓய்ந்த பிறகு, வீட்டுக்குள் ஒரு சத்தம் மிச்சம் இருந்தது.

சரக்.

சரக்.

சட்டியில் மணலைக் கிண்டும் சத்தம். அடுப்படியில்.

பேபி வீட்டில் இல்லை. மணலும் இல்லை. அவன் சுவரைத் தடவிக்கொண்டு போனான். பாதத்துக்கு அடியில் நறநறத்தது. ஈரம். பீடி வாடை.

அடுப்பில் தீ இல்லை. ஜன்னல் வழியாக வந்த கடைசி வெளிச்சத்தில் வறுசட்டி தெரிந்தது. விளிம்புவரை மணல். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள் பிரித்திகா.

"மணல் எங்கேருந்துட்டி வந்துச்சு?"

"தெரியலப்பா. இங்கனயேதான் இருந்துச்சு."

நாலு விரல்கடை ஆழமுள்ள சட்டி. பிள்ளையின் கை முழங்கைவரை உள்ளே இருந்தது.

"கைய எடு!"

"விடமாட்டேங்காரு."

"யாரு?"

"மாமா."

அவள் ஒரு வயதுப் பிள்ளையாக இருக்கையில் போனவன் சங்கிலிப்பாண்டி. அவளுக்கு மாமாவும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. அவன் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. முழங்கையும் மறைந்தது. பிள்ளை இப்போதுதான் அழத் தொடங்கினாள்.

இந்தத் தடவை அவன் நிற்கவில்லை. தோண்டினான். இரண்டு கையாலும். நகம் பிய்ந்தது. அள்ளி வீச வீச மணல் வந்துகொண்டே இருந்தது. தரையெல்லாம் மணல். முழங்கால்வரை மணல். சட்டி மட்டும் நிறைந்தே இருந்தது.

"விடுலே!" என்று கத்தினான். "எம்பிள்ளைய விடுலே, நாயே! நான் ஒன்னயத் தள்ளலலே! மேடுதானலே சரிஞ்சுது! நான் சும்மா நிக்கத்தானலே செஞ்சேன்!"

வெளிச்சம் விழுந்தது.

வாசற்படியில் சிம்னி விளக்கோடு வெள்ளைத்தாய் நின்றாள். நாளைய புளியோதரைக்கு ஊறவைத்த புளி இன்னொரு கையில். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

பிள்ளையின் கை மெல்ல மேலே வந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த கையும் கூடவே வந்தது. மணிக்கட்டுவரை. செம்புக் காப்பு பச்சையேறி இருந்தது.

வெள்ளைத்தாய் காப்பைப் பார்த்தாள். விளக்கைக் கீழே வைத்தாள். புளியை வைத்தாள். சேலையைச் செருகிக்கொண்டு மணலில் மண்டியிட்டாள்.

"நிக்காதீங்க அண்ணாச்சி," என்றாள். குரல் உயரவே இல்லை. "தோண்டுங்க."

அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. தான் எழுந்து நிற்பது.

அந்தக் கை பிள்ளையை விட்டது. மெதுவாக அவன் பக்கம் திரும்பியது.

விரல்கள் விரிந்தன. மூடின.

விரிந்தன.