காவலுக்கு ஆளில்லாத இரத்தம்

அந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இருந்தவர்கள்: சக்கர நாற்காலியில் மொட்டைத் தலையோடு தம்பி, அதைத் தள்ளும் அம்மா, கதவருகே கொசு சிஸ்டர், வீட்டிலிருந்து துணிப்பையோடு அப்போதுதான் வந்த அப்பா, அவர் பின்னால் அக்கா. எல்லாருக்கும் முகக்கவசம். அக்காவின் தொண்டையில் மட்டும், கூப்பிடாமல் வந்த ஒரு கரகரப்பு.

கொசு சிஸ்டர் என்பது தம்பி வைத்த பெயர். பார்க்கும்போதெல்லாம் இரத்தம் எடுக்கிறாராம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருமுறை கொசு மாதிரி ரீங்காரம்கூடப் போட்டுக் காட்டினார்.

இரத்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனைச் சிவப்பணுக்கள் உடம்பெங்கும் சுமந்து போகும். காயம் பட்டால் தட்டணுக்கள் கூடி அடைத்துக்கொள்ளும். வெள்ளையணுக்கள் காவலர்கள், கிருமி நுழைந்தால் விரட்டியடிக்கும். எல்லாம் பிறப்பது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்.

தம்பிக்கு வந்தது இரத்தப் புற்றுநோய். அவன் மஜ்ஜை, வேலை தெரியாத வெள்ளையணுக்களைக் கும்பல் கும்பலாக அனுப்பியது. நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் போனது. மருந்து அந்தக் கும்பலை அழித்தது. நல்ல காவலர்களும் கூடவே போய்விட்டார்கள். புதியவர்கள் பிறக்கும்வரை அவன் தனியறையில் இருக்க வேண்டும். பிறப்பார்களா என்று அப்பா கேட்டதற்கு, பார்க்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார்.

ஒவ்வொரு முறை ஊசி போட்ட பிறகும் அக்கா அவன் புறங்கையில் ஊதிவிடுவாள். இப்போதும் தம்பி கையை நீட்டினான்.

"ஊது. அப்புறம்தான் உள்ள போவேன்."

அக்கா பின்னால் நகர்ந்தாள். "மாட்டேன். காலைலேருந்து தொண்டை கரகரன்னு இருக்கு."

வீட்டிலேயே ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அப்பா பல்லைக் கடித்தார். சொல்லியிருந்தால் கூட்டி வந்திருக்க மாட்டீர்கள் என்றாள் அவள்.

"மாஸ்க் போட்டிருக்கல்ல? லேசா ஊது," என்றான் தம்பி.

"வேணாம்டா. உன்கிட்ட இப்ப காவலுக்கு ஆளே இல்ல."

"உனக்கு என்னைப் பிடிக்கல." முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அக்கா தாழ்வாரத்தின் அந்தக் கோடிக்குப் போய் நின்றாள். "டேய், இங்க பாரு."

தன் புறங்கையைத் தூக்கி, கவசத்துக்குள்ளிருந்தே ஊதினாள். கவசம் புஸ்ஸென்று உப்பியது.

தம்பி ஓரக்கண்ணால் பார்த்தான். "தவளை," என்றான்.

"நீயும் ஊது. உன் காத்து உன்னை ஒண்ணும் பண்ணாது."

அவன் தன் கையில் தானே ஊதினான். அவன் கவசம் சரியாக உப்பவில்லை. மூச்சு அவ்வளவுதான் இருந்தது. மறுபடியும் ஊதினான்.

"நீ ஊதற மாதிரி இல்ல."

"தெரியும்டா."

அம்மா பையை வாங்கிக்கொண்டு நாற்காலியை உள்ளே தள்ளினாள். தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் பின்பக்கமாக நீட்டியே வைத்திருந்தான். அக்கா அங்கிருந்தே ஊதிக்கொண்டிருந்தாள்.

கையை உள்ளே எடுத்துக்கோ என்றார் கொசு சிஸ்டர். அவன் எடுத்துக்கொண்டதும் அவரும் நுழைந்து, கதவைச் சாத்தி உள்பக்கம் பூட்டினார்.