சூரை மீனின் வாக்குமூலம்

ஏலத்துக்கு வரும் சூரை மீன், செத்த பிறகு சாட்சி சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

நினைவொலிப் பெட்டியின் ஊசியை மீனின் காதெலும்பில் செருகினால், அது கடைசியாகக் கேட்ட கால்மணி நேரம் ஒலிபெருக்கியில் வரும். பிடித்த முறை தெரிந்துவிடும். சுருக்குமடி வலை என்றால் ஆயிரம் வால்கள் அடிக்கும் இரைச்சல். ஆயிரங்கால் தூண்டில் என்றால் நீண்ட மௌனம், பக்கத்துக் கொக்கியில் ஓர் ஆமை துடிக்கும் சத்தம். ஒவ்வொரு மீனாகத் தூக்கும் கழித்தூண்டில் என்றால் ஒரு வெடுக், மேல்தளத்தில் ஒரு தொப். அதற்கு மட்டும் பச்சை முத்திரை, வெளிநாட்டுக்குப் போகலாம். மற்றவை சிவப்பு, உள்ளூர்ச் சந்தைக்கு.

தேங்காய்ப்பட்டணத்தில் இன்னும் கழி பிடிப்பவர் பெர்க்மான்ஸ் ஒருவர்தான்.

"ஊசியக் குத்துங்க மேடம். எம்மீனு பொய் சொல்லாது" என்றார் ஆய்வாளர் ஹெல்மாவிடம்.

வெடுக். தொப். ஏலக்கூடம் கைதட்டியது.

பெட்டி நிற்கவில்லை. வலை மீன் நெரிசலிலேயே செத்துவிடும். கழி மீன் உயிரோடு படகேறும். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு கிடக்கும். ஒலிபெருக்கியில் பெர்க்மான்ஸின் குரலே வந்தது.

"எலே, இந்த எடத்தப் பத்தி கரையில மூச்சு விடப்படாது. பொத்தைக் குன்றும் கோயில் கூம்பும் ஒண்ணாத் தெரியுத எடத்துலேந்து நேரே..."

"நிறுத்துங்க மேடம்!"

"முழுசா ஓடினாத்தான் முத்திரை விழும்."

சுருக்குமடிப் படகு வைத்திருந்த பெர்க்மான்ஸின் மச்சான் லியோன் முன்னால் வந்தார். "சத்தத்தக் கொஞ்சம் கூட்டுங்க மேடம். தெக்கயா, தென்மேக்கயா?"

"ஒனக்கு வெக்கமே இல்லியாடே?"

"நானா கேட்டேன்? ஒம்ம மீனுல்லா சொல்லுது!"

முத்திரை பச்சையாக விழுந்தது.

மறுநாள் விடியுமுன் நாற்பது படகுகள் சுருக்குமடியோடு கிளம்பின. மூன்றாம் நாள் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. குஞ்சு மீன் உட்பட எல்லாம் சிவப்பு. பெர்க்மான்ஸ் மட்டும் வெறும் படகோடு வந்தார்.

ஹெல்மா அன்று ஒப்பீட்டு அறிக்கையை முடிக்க வேண்டும்: எந்த முறை கடலை எவ்வளவு காலி செய்கிறது? கழித்தூண்டில், முதல் நாள் முப்பத்திரண்டு மீன்கள் என்று எழுதினாள். மற்ற இரண்டு முறைகளையும் எழுதினாள். பிறகு தயங்கி, நான்காவதாக ஒரு வரி சேர்த்தாள்: நினைவொலிப் பெட்டி, ஒரு மீன்கூட்டம் முழுவதும்.

பெர்க்மான்ஸ் எட்டிப் பார்த்தார்.

"அதுக்கு என்ன நெற முத்திர மேடம்?"