ஆடாத முள்

சமையலறையிலிருந்து மனைவி கூப்பிட்டபோது, மேசைமேல் கிடந்த கைபேசியில் முள் ஆடவில்லை.

அது சுருதி பார்க்கிற செயலி. எந்தச் சத்தம் கேட்டாலும் முள் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்து துடிக்கும்; ஸ்வரம் சுத்தமாக விழுந்தால் மட்டும் நடுவில் நிற்கும். தெருவில் போகிற வண்டிக்கும், மாடிவீட்டில் நாற்காலி இழுபடுகிற சத்தத்துக்கும், சன்னல் கொக்கியின் கிரீச்சுக்கும் அது துடித்துக்கொண்டேதான் இருந்தது. "என்னங்க, டீ ஆறுது" என்று அவள் சொன்னதற்கு மட்டும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஆணி அடித்தமாதிரி நடுவில் நின்றது. பேச்சுக் குரல் அப்படி நிற்காது. நாடகத் தொடர்களுக்குப் பின்னணி இசை அமைத்துப் பிழைக்கிறவனுக்கு இதுகூடவா தெரியாது.

இன்னொன்றும் உறுத்தியது. எல்லாக் கீபோர்டுகளும் ஒரு ஸ்தாயியை, கீழ் ஸ முதல் மேல் ஸ வரை, பன்னிரண்டு சமபங்காகப் பிரித்து வைத்திருக்கும். புதுசாக ஏதாவது வேண்டும் என்று இயக்குநர் நச்சரித்ததில் அவன் அதைப் பதின்மூன்றாகப் பிரித்திருந்தான். செயலியையும் அதற்கேற்ப மாற்றியிருந்தான். அந்தப் பதின்மூன்றில் எந்த மூன்றைச் சேர்த்து அழுத்தினாலும் ஒன்றோடொன்று உரசி அதிர்ந்தது. உரசாத மூன்றைத் தேடித்தான் வாரக்கணக்காக அறைக்குள் அடைந்து கிடந்தான். உலகத்தில் யாருக்கும் பழக்கமில்லாத அந்தப் பங்குகளில் நின்றுகொண்டு அவள் டீக்குக் கூப்பிடுகிறாள்.

ஆரம்பத்தில் சண்டை போட்டவள்தான். "பல்லு கூசுதுங்க. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்பாள். பிறகு ஒருநாள் நிறுத்திவிட்டாள். அதிலிருந்து அவன் வாசிக்கும்போதெல்லாம் கதவடியில் அவள் நிழல் நின்றது. பழகிவிட்டாள் என்று அவன் சந்தோஷப்பட்டிருந்தான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனான். கைபேசியை மேசைக்கு அடியில் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தான்.

"நாம மொதல்ல இருந்த வீட்டுல ஒரு குழாய் ஒழுகுமே, எந்த ரூம்ல?"

"ரூம்லயா? படிக்கு அடியில. நீங்கதான் துணி சுத்தி வெச்சீங்க."

பதில் சரி. சிரிப்பும் அவளுடையதுதான். முள் மட்டும் அசையவில்லை. அவள் இருமினாள். அப்போதும் அசையவில்லை.

குழந்தை?

கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஐந்து வயது மகளை அள்ளித் தூக்கி, "குட்டி, ஏதாவது பேசு" என்றான்.

"நீ நாறுற. போய்க் குளி."

முள் பைத்தியம் பிடித்தமாதிரி ஆடியது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இவளைத் தூக்கிக்கொண்டு இப்போதே கிளம்பிவிட வேண்டும். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"பாப்பாவ அக்கா வீட்டுல விட்டுட்டு வரேன்" என்றான், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

மனைவி வந்து நின்றாள். "இன்னைக்கு வேணாங்க. இப்பத்தான் கத்துக்கிட்டு இருக்கா."

"என்னத்த?"

"சரி, தலையாவது வாரி விடுறேன்" என்று மகளை வாங்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். சந்தேகம் காட்டிவிடக் கூடாதே என்று அவன் விட்டுவிட்டான்.

வண்டிச் சாவிக்காக இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தபோது கேட்டது. தாழ்வாக ஒரு குரல், அசையாமல். அதன்மேல் இன்னொன்று, மெல்லியது, தடுக்கித் தடுக்கி ஏறி, தவறி, மறுபடி ஏறி. பிறகு தவறவில்லை. இரண்டும் உரசவே இல்லை. வாரக்கணக்காகத் தேடிய மூன்றில் இரண்டு.

ஓடினான்.

விளக்குப் போடவில்லை. கட்டிலில் இருவர். மகளை வாரித் தூக்கினான். ஓடுகிற குளிர்சாதனப் பெட்டியில் கைவைத்தமாதிரி அவள் உடம்பு அதிர்ந்தது. வாய் திறந்திருந்தது. மூச்சு இழுக்கவில்லை. மனைவியும் இழுக்கவில்லை. இருவரும் அவன் தொண்டையையே பார்த்தார்கள். காத்திருந்தார்கள்.

தொண்டையில் தானாக ஒரு ஸ்வரம் ஊறியது. பல்லைக் கடித்தான். உதட்டை இறுக்கினான்.

குரலை நிறுத்தாமலே மகள் கையை நீட்டினாள். சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளைக்கு அம்மா செய்வதுபோல, அவன் உதடுகளைச் சின்ன விரலால் மெல்லப் பிரித்தாள்.