மணிக்கு ஒரு டிகிரி

உடைந்த ஹீட்டர் வாளிக்குள் கிடந்தது. மீன்தொட்டித் தண்ணீரோ தன்பாட்டில் சூடாகிக்கொண்டே போனது.

லாபிர் மூக்குக்கண்ணாடியை இடுப்புச் சாரத்தில் துடைத்து மாட்டிக்கொண்டு, தொட்டியில் ஒட்டியிருந்த வெப்பமானியை மறுபடி பார்த்தார். பகல் பன்னிரண்டுக்கு இருபத்துமூன்று டிகிரி. பதினொன்றுக்கு இருபத்திரண்டு. பத்துக்கு இருபத்தொன்று. முப்பத்தொரு வருஷம் தபால் கந்தோரில் அவர் குத்திய முத்திரைகூட இவ்வளவு ஒழுங்காக விழுந்ததில்லை. சூடேற்றுவதற்கென்று மிதக்கவிட்ட வெந்நீர்ப் போத்தல்களைத் தொட்டுப் பார்த்தார். ஒன்பது மணிக்குப் பிறகு சோம்பலில் மாற்றாமலே விட்டவை. எப்போதோ ஆறிச் சில்லென்று கிடந்தன.

"திமிர் பிடிச்ச தண்ணி," என்றார்.

அந்த வீட்டில் திமிர் இல்லாத பொருள் எது? மச்சான் நூர்தீனுடைய வீடு. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து, புத்தளத்து ஓலைக்கொட்டிலில் பதினொரு பேரோடு ஒரே பாயில் கிடந்தவன் நூர்தீன். கடிக்கிற நுளம்புகளையும் சேர்த்தால் ஆயிரத்துப் பதினொரு பேர். அவனுக்கு இன்றைக்கு ஏழு டிஸ்கஸ் மீன்கள். தேத்தண்ணிக் கோப்பையின் பீரிசுக்குச் செட்டை முளைத்தது போல் ஏழு வட்டச் சோம்பேறிகள். அதுகளுக்கு ஹீட்டர்! வெயில் காலத்தில் முட்டையை ரோட்டில் காட்டினால் போதும், பொரிந்து தானாகவே தட்டில் வந்து குந்தும் புத்தளத்தில், மீனுக்கு ஹீட்டர்!

நூர்தீனும் லாபிரின் தங்கச்சி ஸும்ராவும் மக்காவுக்கு உம்ரா செய்யப் போய் இரண்டு கிழமை. மனைவி மௌத்தான பிறகு போக்கிடம் இல்லாமல் வாடகை அறையில் இருந்த லாபிரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தபோது நூர்தீன் ஒன்று சொல்லியிருந்தான்.

"நானா, நாங்க வாறப்ப ஏழும் உசிரோட இருந்தா, பின்னறை உங்களுக்குத்தான். மௌத்து வரைக்கும் இருங்க."

ஏழு மீனுக்கு ஒரு மனுசன் ஈடு. கேட்டுக்கொண்டு சிரித்தார், வேறு வழியில்லாமல்.

நேற்று இரவு ஹீட்டரின் பிளக்கைக் கழற்றிப் போன் சார்ஜரைச் செருகி, வெளியே டிசம்பர் மழை கொட்டும்போதே மச்சானின் ஏசியைப் பதினாறில் விட்டு, ஹோல் சோபாவில் சுல்தான் மாதிரி நீட்டி நிமிர்ந்து தூங்கியதுதான் லாபிர் செய்த ஒரே குற்றம். விடிய எழும்பிப் பார்த்தால் ஏழும் மணலில் பக்கவாட்டில் சரிந்து, வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தன. குனிந்து, மூக்கு தொட்டிக் கண்ணாடியில் முட்டப் பார்த்தார்.

"சீ. இதுக்கா இவ்வளவு?"

பின்னறை ஞாபகம் வந்தது. ஹீட்டரை வெளியே எடுத்து, வேலை செய்கிறதா பார்க்கக் கரண்ட் கொடுத்து, கொதித்ததை அப்படியே குளிர்ந்த தண்ணீருக்குள் விட்டார். டப். அதன் குழாய் வெடித்தது.

மீன்களை விற்றவன் மிஹ்லார், சிலாபத்தில் கடை. போனில் விழுந்து விழுந்து சிரித்தான்.

"நானா, ஹீட்டரக் கழட்டின ஆள் நெறையப் பேர் ஈக்குறாங்க. ஏசியப் போட்டுட்டுக் கழட்டின முதல் ஆள் நீங்கதான்!"

"பகிடிய விடு. இப்ப என்ன செய்ய?"

"ரோட்டுல வெள்ளம், புது ஹீட்டர் நாளைக்குத்தான் கொண்டு வரலாம். சுடுதண்ணிய நேரா ஊத்திராதீங்க, அதிர்ச்சியில போயிரும். போத்தல்ல நெரப்பி மிதக்க விடுங்க. மணிக்கு ஒரு டிகிரி, அதுக்கு மேல ஏத்தப்படாது. காத்து மோட்டார் ஓடட்டும். திரைய இழுத்து, தொட்டிக்கும் போர்வ போட்டு இருட்டாக்குங்க. தீனி வேணாம். சுகமானா அவனுகளே கண்ணாடியில முகத்த வெச்சுக் கேப்பானுகள்."

"மீன் கேக்குமா?"

"ஓம் நானா. அதுவரைக்கும் கிட்டவே இருங்க."

கிட்டவே இருந்தார். பகலிலேயே இருண்ட ஹோலில், கடும்பச்சைத் திரைகளுக்குப் பின்னால் மழை ஓட்டைத் தட்டிக்கொண்டிருக்க, போர்வைக்குள் காற்று மோட்டார் மூக்கடைத்த கிழவனைப் போல் குறட்டை விட, பாசி மணமும் கடல் களப்பிலிருந்து வரும் சேற்று மணமும் ஈரக் கம்பளிப் போர்வையின் ஆட்டு மணமும் ஒன்றாகக் குழம்பித் தொண்டையில் இறங்க, லாபிர் சோபாவில் குந்தியிருந்து நூர்தீனின் வம்சத்தை ஏழு தலைமுறைக்குத் திட்டினார். சூடு தானாக ஏறினால் ஏறட்டுமே. போத்தல் மாற்றும் வேலை மிச்சம்.

இரண்டு மணிக்கு இருபத்தைந்து. பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தார். குசினியிலிருந்து சோபாவுக்குப் பன்னிரண்டு எட்டு. ஆவி பறந்த கோப்பை வாய்க்கு வரும்போது கிணற்றுத் தண்ணீராக இருந்தது. மறுபடி கொதிக்க வைத்தார். கேத்தலை வெறுங்கையால் தூக்கிவிட்டது பிறகுதான் தெரிந்தது. உள்ளங்கை சிவந்திருந்தது. சுடவில்லை.

ஏசியைப் பார்த்தார். நிறுத்தித்தான் இருந்தது.

போர்வையை விலக்கித் தண்ணீரில் விரல் வைத்தார். இளஞ்சூடு. வழுவழுப்பு. யாருடைய வாய்க்குள்ளோ விரல் விட்டது போல். உள்ளே இருட்டில் ஒரு வட்டம் மணலை விட்டு எழுந்து நிமிர்ந்தது. பிறகு இன்னொன்று. விரலை உருவினார். நகம் நீலமாக இருந்தது.

அலுமாரியில் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய் இருந்தது. நாக்குக்கடியில் வைத்து ஐந்து நிமிஷம் காத்திருந்தார். பாதரசம் முதல் கோட்டைக்கூட எட்டவில்லை.

"இந்த வீட்டுல ஒரு சாமானும் உருப்படியில்ல," என்று உதறினார். குரல் தடித்திருந்தது.

பின்னேரம் பள்ளியில் அஸர் பாங்கு சொல்லும்போது மிஹ்லாருக்கு எடுத்தார்.

"இருபத்தாறு. அஞ்சு எழும்பிட்டுது."

"கெட்டிக்காரன் நானா! போத்தல் எத்தன தரம் மாத்தினீங்க?"

"ஒருக்கா. காலையில."

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

"அப்ப சூடு எங்கிருந்து ஏறுது?"

பதில் சொல்லப் பார்த்தார். பற்கள்தான் அடித்துக்கொண்டன.

"நானா? வெளிய வாங்க. நானா, முதல்ல ஹோல விட்டு வெளிய வாங்க."

எழும்ப முயன்றார். முழங்கால்கள் மடங்கிய இடத்திலேயே நின்றன. போன் நழுவி மடியில் விழுந்தது. மோட்டார் குறட்டை விட்டது. மழை. இருட்டு. நேரம் எப்படிப் போனதென்று தெரியவில்லை. போர்வைக்குள் ஏதோ கண்ணாடியை மெல்லத் தட்டியது.

டக்.

மடியில் போன் மின்னியது. ஸும்ராவின் குரல் செய்தி. இரும்பாகிப்போன விரலால் அழுத்தினார்.

"நானா, பிளேன் ஏறப் போறம். விடிய வீட்டுல. மீனுகள் சுகமா? இவர் உங்கள விட அதுகளத்தான் கேக்குறார்."

பின்னறை. மௌத்து வரைக்கும். பட்டனை அமுக்கி, இருந்த மூச்சையெல்லாம் கூட்டி ஒரு சொல் சொன்னார்.

"சுகம்."

அனுப்பினார்.

பிறகு கதவைப் பார்த்தார். பத்து எட்டுத் தூரம். குளிர் எலும்புக்குள் இருந்தது. போர்வை வேண்டும். அந்தப் போர்வை. கைக்கு எட்டும் தூரம். பிடித்தார். இழுத்தார். போர்வையோடு சேர்ந்து தரையில் விழுந்தார்.

பக்கவாட்டில்.

தரை ஓடு சில்லென்று இல்லை. ஓடும் அவரும் ஒரே குளிர்.

தூரத்தில் அந்தி மஃரிப் பாங்கு. திரையின் கீழால் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம். வெப்பமானியில் இருபத்தொன்பது.

எண்ணினார். ஒன்று. இரண்டு. ஐந்து. ஏழு.

ஏழும் வந்திருந்தன. வரிசையாக. கண்ணாடியில் முகம் வைத்து. ஏழு சோடிச் சிவப்புக் கண்கள் அவரைக் குனிந்து பார்த்தன. காலையில் அவர் பார்த்த அதே பார்வை.

கத்தப் பார்த்தார். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

ஏழு வாய்களும் திறந்தன.

அவர் வாய் மூடியது.

அவை மூடவில்லை.