கட்டில் கலங்கிய படங்கள்

தூத்துக்குடித் துயிலகத்தில் படம் தெளிவாக விழுந்தால் ஒரு வீட்டில் இழவு. கலங்கி விழுந்தால் கொண்டாட்டம். படம் எடுத்தவர் வாசலுக்கு வந்து "கலங்கிருக்கு!" என்று கூவ வேண்டும். சட்டத்தில் இல்லை, வழக்கம். கேட்டதும் சொந்தக்காரர்கள் கருப்பட்டி மிட்டாயைக் கண்டவர் வாயிலெல்லாம் திணிப்பார்கள். ஒன்பது வருடமாகக் கூவிக் கூவியே, படமெடுக்கும் ஜெசிந்தாவுக்குக் குரல் கட்டையாகிவிட்டது.

வெக்கைக் காய்ச்சலில் விழுந்து எழாதவர்களுக்கான இடம் அது. வருடத்துக்கு ஒரு உயிர்ச்சான்றுப் படம். நான்கு விநாடி லென்ஸ் திறந்திருக்கும். அதற்குள் தலை மயிரிழையளவு அசைந்தாலும் முகம் கலங்கிவிடும். சான்றாயம் என்கிற இயந்திரம் முகத்தை மட்டும் வெட்டிப் பார்த்து, கலங்கியிருந்தால் இன்னொரு வருடம் கொடுக்கும். தெளிவாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் குழாயைப் பிடுங்கிக் கட்டிலை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். வெளியே நூறு பேர் காத்துக் கிடக்கிறார்கள், என்ன செய்வது?

இந்த மாதம் மட்டும் பதினொரு படம் தெளிவு. மற்ற மாதங்களில் ஒன்றிரண்டைத் தாண்டாது. பாழாய்ப்போன வெயில்தான் காவு வாங்குகிறது என்று ஜெசிந்தா திட்டித் தீர்த்தாள்.

இன்று இருபத்தேழாம் கட்டில். படுத்திருப்பது அவள் புருஷன் லூர்தன்.

"மாதாவே, கலங்கணும்" என்று முனகிக்கொண்டே எடுத்தாள். நான்கு விநாடி. திரையில் லூர்தனின் மீசை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். அவ்வளவு தெளிவு. சான்றாயம் சிவப்பைக் காட்டியது.

குழாய் பார்க்கும் சங்கரபாண்டி தலையைக் குனிந்துகொண்டு வந்தான். "யக்கா... ஒரு மணி நேரம் இருக்கு. பக்கத்துல இருந்துக்கிடுங்க."

"எஞ்சாமி, போயிட்டியா!" என்று ஜெசிந்தா புருஷன் மார்பில் விழுந்தாள். நெஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது. எழுந்து கேமராவை எடுத்து அந்தப் படத்தைத் திறந்தாள். கடைசிப் படமல்லவா, முழுசாகப் பார்த்துக்கொள்ள நினைத்தாள். இத்தனை வருடத்தில் எந்தப் படத்திலும் முகத்தைத் தவிர வேறு எதையும் அவள் பார்த்ததில்லை. இப்போதுதான் கண்ணில் பட்டது. முகம் தெளிவு. கட்டில் கம்பி கோடு கோடாக இழுபட்டுக் கலங்கியிருந்தது. பெயர்ப்பலகையில் ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லை.

"சங்கரு, இரும்புக் கட்டில் ஆடுமா டே?"

"அது எப்படிக்கா ஆடும்?"

ஜெசிந்தா கையிலிருந்த கேமராவைத் திருப்பிப் பார்த்தாள். போன மாதக் கடைசியில் வந்த புதுக் கேமரா பழைய முக்காலியில் பொருந்தவில்லை. புது முக்காலி பின்னால் வரும் என்றார்கள், வரவேயில்லை. அதனால் கையில் பிடித்து எடுத்தாள். கையில் பிடித்தால் அசைவுத்தணிப்பியைப் போடு, முக்காலியில் வைத்தால் அணை: படம் எடுக்கிற எல்லாருக்கும் தெரிந்த பாடம். அவளும் போட்டாள். ஆனால் இந்தத் தணிப்பி கை நடுக்கத்தைச் சரிசெய்வதோடு நிற்கவில்லை. முகத்தைக் கண்டால் அதைப் பற்றிக்கொண்டு, முகம் போகிற பக்கமெல்லாம் தானும் போகிறது. லூர்தன் தலை அசைந்திருக்கிறது. லென்ஸ் கூடவே ஓடியிருக்கிறது. நகராத கட்டில்தான் கலங்கிவிட்டது.

"உயிர் இருக்குடே! இந்த ஸ்டெபிலைசர் செஞ்ச வேலை! இன்னொரு தடவ எடுக்கணும்."

"ரெண்டாந் தடவைக்கு கருவிப் பழுதுன்னு காட்டணும்லாக்கா. பழைய படத்துலயும் இதே பழுது இருந்தாத்தான் சான்றாயம் ஒத்துக்கிடும்." சொல்லிவிட்டு அவனே தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

கடிகாரத்தில் நாற்பது நிமிடம் இருந்தது. கலங்கிய படங்கள் உதவாது; தெளிவாக விழுந்த படங்களில்தான் பழுது தெரியும். ஜெசிந்தா இந்த மாதத்துப் பதினொன்றையும் திறந்தாள். ஒவ்வொன்றிலும் முகம் தெளிவு. ஒவ்வொன்றிலும் கட்டில் கலக்கம். பதினொன்றையும் சான்றாயத்துக்கு அனுப்பினாள். "பாவி, பாவி" என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். சங்கரபாண்டி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். அந்தப் பதினொரு குழாய்களையும் பிடுங்கியது அவன் கை.

சான்றாயம் ஒத்துக்கொண்டது. மூன்று நாற்காலியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் கேமராவை வைத்து, தணிப்பியை அணைத்து எடுத்தாள். லூர்தனின் முகம் தண்ணீரில் விழுந்த நிழலாகக் கலங்கி வந்தது. கட்டில் கம்பி அசையாமல் நின்றது. பச்சை விளக்கு எரிந்தது.

கூவ வேண்டுமே. கதவைத் திறந்தாள். வாசலில் தங்கபுஷ்பம் நின்றாள். போன செவ்வாய்க்கிழமை படம் தெளிவாக விழுந்த பையனின் அம்மா. அவனுடைய துணிமணிகளை வாங்கிப்போக வந்திருந்தாள். மஞ்சள் பைக்குள் கைவிட்டு, மகனுக்காக வாங்கி மிஞ்சிக் கிடந்த மிட்டாயில் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"ஒன் வீட்டுக்காரருக்கு இன்னைக்குத்தானே தாயி? கலங்கிருக்கா?"

சங்கரபாண்டி பின்னாலிருந்து ஜெசிந்தாவின் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். "வேண்டாக்கா" என்றான்.

"கலங்கிருக்கும்மா" என்றாள் ஜெசிந்தா. தங்கபுஷ்பத்தின் முகம் மலர்ந்தது. மிட்டாயை வாயருகே கொண்டுவந்த அந்தக் கையை ஜெசிந்தா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க மவனுக்கும் கலங்கித்தாம்மா இருந்துச்சு."