ஆளில்லாத கார்

செவ்வாயில், புதுத்தாராபுரம் குவிமாடத்துக்குள் குடியிருக்கும் ரங்கநாயகி காலையில் இரண்டு தடவை இட்லி ஊற்றுவாள். கணவர் ஆதிமூலம் அலுவலகம் கிளம்பும்போது ஒரு தடவை. அவருடைய புத்தம்புதுக் கார் அவரைப் பாதி வழியிலேயே திருப்பிக்கொண்டு வந்து வீட்டில் விட்டதும் மறுபடி ஒரு தடவை.

அது தானோடிக் கார். ஓட்டுநர் கிடையாது, இருக்கைக்கு ஒரு சூடுணரி உண்டு. முதல் சிக்னலில் நின்று தலை எண்ணும். ஆளில்லாத கார் ஊர் சுற்றி மின்சாரத்தை வீணாக்கக் கூடாது என்பது குவிமாடத்துச் சட்டம். அதனால் ஆளில்லை என்று பட்டால் சமர்த்தாக வீடு திரும்பிவிடும். உள்ளே ஆதிமூலம் தொண்டை கிழியக் கத்துவார். யாரோ வானொலியை அணைக்காமல் இறங்கிவிட்டார்கள் என்று கார் எடுத்துக்கொள்ளும்.

விற்ற கம்பெனியின் பழுது பார்க்கும் ரோபோ சீராளனும் புதுசுதான். எத்தனை முறை காட்டினாலும், "எல்லாம் பளபளன்னு இருக்குதுங்க" என்று அனுப்பிவிடும்.

ஆனால் இன்று மகள் கல்யாணம். மாப்பிள்ளையைப் புதுக் காரில்தான் மண்டபத்துக்கு அழைத்து வருவேன் என்று சம்பந்தியிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தார் மனுஷர். முகூர்த்தம் தவறினால் மானம் போய்விடும். எதற்கும் இருக்கட்டும் என்று சீராளனையும் ஏற்றிக்கொண்டார்.

அதே தெருவில் தங்கியிருந்த மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிளம்பியதும் முதல் சிக்னல் வந்தது. "ஆளில்லை" என்றது கார். மாப்பிள்ளை, மாமனார், மாமியார் எல்லோரையும் சுமந்துகொண்டு ஆதிமூலத்தின் வீட்டை நோக்கித் திரும்பியது.

"மாமா, மண்டபம் அந்தப் பக்கமில்லீங்களா?" என்றான் மாப்பிள்ளை நிகிலன்.

"பதறாதீங்க மாப்ள!" என்று பதறினார் ஆதிமூலம்.

கார் திரும்பிய வேகத்தில் நிகிலன் பட்டு வேட்டியோடு வழுக்கிக் கீழே விழுந்தான். எழுந்தவன் கோபத்தில் இருக்கையின் பாலிதீன் உறையைப் பரபரவென்று கிழித்தான்.

"ஐயோ, கவரு! புதுசுங்க மாப்ள!"

அவன் வெறும் இருக்கையில் உட்கார்ந்தான்.

"வணக்கம், ஒருவர் இருக்கிறார்!" என்ற கார் மண்டபத்தை நோக்கிப் பறந்தது.

கம்பெனி போட்டு அனுப்பிய உறையை ஆதிமூலம் கழற்றவே இல்லை. உடம்புச் சூடு இருக்கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். ரங்கநாயகி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆதிமூலம் ரோபோவின் பக்கம் பாய்ந்தார்.

"ஏப்பா, இத்தனை நாளாப் பாக்கறயே, கவரு இருக்கறது தெரியலையா?"

"கவருங்களா? எனக்கு எல்லாமே பளபளன்னுதானுங்க தெரியும். ரோடு, மரம், நீங்ககூட."

ரங்கநாயகி குனிந்து பார்த்தாள். சீராளனின் இரண்டு கண்ணாடிக் கண்களிலும் மெல்லிய பாலிதீன் தாள் ஒட்டியிருந்தது. கீறல் விழுமென்று கம்பெனி முதலாளி உரிக்காமல் விட்டிருக்கிறார். அவள் நகத்தால் உரித்தாள்.

சீராளன் மாப்பிள்ளையின் மாலையைப் பார்த்தது. அவளுடைய கிளிப்பச்சைப் பட்டைப் பார்த்தது. எட்ட வந்துகொண்டிருந்த மண்டபத்து வாழை மரத்தையும் பந்தலையும் பார்த்தது.

"அம்மா! இத்தனை கலருங்களா!"

முகூர்த்தத்துக்கு முன்பே கார் வாசலில் போய் நின்றது. மேளம் முழங்கியது, ஆதிமூலத்துக்குப் போன உயிர் வந்தது. இறங்கும்போது ரங்கநாயகி அந்தத் தாள்களைக் கசக்கி எறியப்போனாள். சீராளன் அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

"எறிஞ்சுடாதீங்கம்மா. கல்யாணம் முடிஞ்சதும் திரும்ப ஒட்டிக்கணும். கண்ணு இன்னும் புதுசுங்க."